வேலி போய் மதில் வந்தபின்: அரைப் பரப்பு வளவும் அதன் விருந்தாளிகளும்

யாழ்ப்பாணத்தில் இன்று காணி வாங்குபவர் முதலில் எழுப்புவது மதிலைத்தான். வீடு அதற்குப் பிறகு. நில அளவையாளர் எல்லைக்கல் நாட்டிச் சென்ற மறுவாரமே சீமெந்துக் கற்கள் வந்து இறங்கிவிடுகின்றன. மருதனார்மடம் சந்தியிலிருந்து உள்ளே பிரியும் ஒழுங்கைகளில் நடப்பவர் இரு மருங்கும் ஆளுயர மதில்களைக் காணலாம். மதிலுக்குள்ளே முற்றம் முழுவதும் கல் பதித்திருக்கும். மூலைக்கு ஒன்றாகப் பூச்சாடிகள் இருக்கும். இத்தகைய வீடுகளுக்குப் பணம் அனுப்பிய வெளிநாட்டு உறவினர்கள் விடுமுறையில் வந்து நிற்கும்போது கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "முந்தி விடியப்புறம் எத்தனை குருவி கத்தும்? இப்ப ஒண்டையும் காணேல்லையே!" காணி துண்டு துண்டாகிப் போயிற்று, இந்தச் சின்ன இடத்துக்கு என்ன குருவி வரும் என்பதே இங்குள்ளவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். அந்தப் பதில் வரலாற்றுக்குப் பொருந்தவில்லை.

யாழ்ப்பாணத்து வளவு என்றைக்கும் பெரிதாக இருந்ததில்லை. ஏனைய இடங்களில் நிலத்தை ஏக்கரில் பேசுவார்கள். நாம் பரப்பில் பேசுகிறோம். தோட்டநிலக் கணக்கில் 16 பரப்பு ஓர் ஏக்கர்; வயல் கணக்கில் 24 பரப்பு. பரப்புக்கும் கீழே குழி என்றோர் அளவு வேண்டியிருந்த சமூகம் இது. 18 குழி ஒரு பரப்பு. சீதனமாகவும் முதுசமாகவும் பிரிந்து பிரிந்து சிறுத்த காணிகளின் எல்லைகளைப் பற்றி எழுந்த வழக்குகள் எத்தனையோ அப்புக்காத்துமாரின் வீடுகளை மாடிவீடாக்கின. 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையிலும் காணி, தோட்டம் ஆகியவற்றின் உடைமை பற்றித் தனியான பகுதி உண்டு. அவ்வளவு சிறிய வளவுகளுக்குள்தான் செம்பகமும் புலுனியும் தேன்சிட்டும் கீரியும் நம்மோடு குடியிருந்தன. ஆகவே சுருங்கியது நிலம் மட்டும் என்று சொல்லிவிட முடியாது. நிலத்தின் ஓரம் காணாமற் போயிற்று. அந்த ஓரத்துக்கு நாம் வைத்திருந்த பெயர் வேலி.

மருதனார்மடம் என்ற பெயரை முதலில் சற்றுக் கவனிப்போம். இணுவிலுக்கும் சுன்னாகத்துக்கும் இடையே காங்கேசன்துறை வீதியில் அமைந்த இவ்வூரின் பெயரில் இருப்பது ஒரு மடம். வழிப்போக்கர் தங்கிச் செல்லக் கட்டிய தருமச் சாலை. பழைய யாழ்ப்பாணத்தில் தெருவோர மடம் என்பது வெறும் திண்ணையும் கூரையும் மட்டுமாக இருக்கவில்லை. பக்கத்தில் கிணறோ கேணியோ இருக்கும். தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கி இருக்கும். வண்டி மாடுகள் குடிப்பதற்குத் தண்ணீர்த் தொட்டியும், அவை உடலை உரசிக்கொள்ள ஆவுரோஞ்சிக் கல்லும் இருக்கும். மாட்டுக்கு உடம்பு தினவெடுக்கும் என்பதை நினைத்து, அதற்கென ஒரு கல்லை நாட்டுவதைத் தருமமாகக் கருதிய மனத்தை எண்ணிப் பாருங்கள். மாட்டுக்கு வைத்த தொட்டியில் காகமும் மைனாவும் குடித்தன. இரவில் மரநாயும் குடித்தது. எவரும் அவற்றுக்கென்று தனியாக எதையும் கட்டவில்லை. 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் தமது மகளிர் கல்லூரியை நிறுவிய இடமாகவே இன்று பலர் மருதனார்மடத்தை அறிவர். அதன் பெயர் அதைவிடப் பழையதோர் உபசரிப்பைச் சொல்கிறது.

தண்ணீரின் பெறுமதி யாழ்ப்பாணத்தவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரி வெள்ளத்தை மட்டுமே சுமப்பது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்வது சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிக் கிணறுகளில் நிற்கிறது. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரையான வறட்சியில் நிலத்தின் மேல் காணும் ஈரம் கிணற்றடியில் சிந்தியது மட்டுமே. துலாவில் இறைத்த காலத்தில் அந்தச் சிந்தல் ஏராளம். குளித்த நீர் வாழையடிக்குப் போயிற்று. சட்டி கழுவிய நீர் முருங்கையடிக்குப் போயிற்று. அந்த ஈரத்தில் தவளை இருந்தது, மண்புழு இருந்தது, அவற்றைத் தேடி வந்தவையும் இருந்தன. பின்னர் நீரிறைக்கும் இயந்திரமும், அதன் பின்னர் மூடிய தண்ணீர்த்தாங்கியும் குழாயும் வந்தன. சிக்கனம் நல்லதே; ஆனால் கிணற்றடி காய்ந்தது.

இனி வேலிக்கு வருவோம். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு வேலி என்றால் பலகையோ கம்பியோதான் நினைவில் எழும். வலிகாமத்து வேலி உயிருள்ளது. கிளுவை, பூவரசு, முள்முருக்கு, சீமைக்கிளுவை ஆகியவற்றின் தடிகளை மாரி தொடங்கும்போது வெட்டி நடுவார்கள். அவையே கதியால்கள். வேர்விட்டுத் தழைத்த கதியால்களுக்கு இடையே கிடுகையோ பனையோலையையோ வரிந்து கட்டினால் அது அடைப்பு. ஆண்டுக்கொருமுறை வேலியடைப்பது வீட்டுக்கு வீடு நடந்த வேலை. பழைய ஓலை உரமாகத் தோட்டத்துக்குப் போகும். வெட்டிய குழை ஆட்டுக்குப் போகும். ஆடாதோடையும் நொச்சியும் தாமாகவே இடையில் முளைக்கும். பிரண்டையும் கொவ்வையும் படரும். ஒரு முழ அகலமும் காணியின் சுற்றளவு நீளமும் கொண்ட அந்தக் கீற்றை நிலமாக எவரும் எண்ணவில்லை. உண்மையில் அது ஊர் முழுவதையும் ஒன்றோடொன்று தொடுத்த ஒற்றைக் காடாக இருந்தது.

அந்தக் காட்டின் குடிகளை நினைவிலிருந்தே சொல்லலாம். மாசி, பங்குனியில் இலையுதிர்த்துச் சிவந்து நின்ற முள்முருக்கில் தேன் குடிக்க மைனாவும் காகமும் கரிக்குருவியும் வரிசையில் நின்றன. கலியாண வீட்டில் கன்னிக்காலாக நடுவதும் அதே முள்முருக்குத்தான். பூவரசின் அகன்ற இலையைத் தைத்துக் கூடு கட்டியது தையல்சிட்டு. கொவ்வைப் பழத்துக்குக் கிளியும் கொண்டைக்குருவியும் வந்தன. வேலியடிச் சருகைக் கிளறியபடி ஏழெட்டாகத் திரிந்தன புலுனிகள். ஒன்று கத்தினால் மற்றவை எல்லாம் கத்தும். சருகுக்குள் அரணை ஓடும். அரணையைத் தேடிச் செம்பகம் மெல்ல நடந்து வரும். ஓலை மட்டைக்குள் பல்லி முட்டையிடும். கீரி ஒரு வளவிலிருந்து அடுத்த வளவுக்கு வேலியின் நிழலிலேயே போய்விடும். முற்றத்தைக் கடக்க வேண்டிய தேவை அதற்கு இல்லை. இவற்றுள் எதற்கும் அரைப் பரப்புப் போதாது. ஆனால் அரைப் பரப்பின் வேலி அடுத்த அரைப் பரப்பின் வேலியோடு சேர்ந்திருந்தமையால் அவற்றுக்கு ஊர் முழுவதும் வளவாயிற்று.

இத்தகைய நிழலோரப் பறவைகளுள் ஒன்றுக்குத் தமிழர் ஒருவரின் பெயர் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. எட்கர் லியோபோல்ட் லேயார்ட் என்ற ஆங்கிலேயர் 1846 தொடக்கம் எட்டு ஆண்டுகள் வரை இலங்கையில் குடியேற்ற அரசின் அலுவலராக இருந்தவர். தொழில் உத்தியோகம், பற்று பறவைகளில். அவர் தமது குறிப்புகளை 1853, 1854ஆம் ஆண்டுகளில் இலண்டனின் இயற்கை வரலாற்று இதழொன்றில் தொடராக வெளியிட்டார். அதில் பருத்தித்துறையில் கிடைத்த சிறிய, பழுப்பு நிற ஈப்பிடிப்பான் ஒன்றைப் புதிய இனமாக விவரித்து, அதற்கு 'மஸ்சிகாப்பா முத்துயி' என்று இலத்தீனில் பெயரிட்டார். முத்து என்பவர் லேயார்டிடம் வேலை செய்த தமிழர். லேயார்டின் சிறந்த சேகரிப்புகள் பல அவருடைய பொறுமையால் கிடைத்தவை என்பதை லேயார்டே நன்றியோடு ஏற்றுக்கொண்டார்.

வடகிழக்கு இந்தியாவிலும் வட பர்மாவிலும் தென் சீனத்திலும் இனம்பெருக்கி, பனிக்காலத்தைத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கழிக்கும் பறவை அது. அடர்ந்த செடிகளின் கீழ்க்கிளையில் சத்தமின்றி உட்கார்ந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்கத் துப்பாக்கியைவிடப் பொறுமைதான் வேண்டும். ஆங்கிலத்தில் அப்பறவையை நெடுங்காலம் 'லேயார்டின் ஈப்பிடிப்பான்' என்றே அழைத்தார்கள். எசமானின் பெயர் பேச்சு வழக்கில் நின்றது. வேலைக்காரரின் பெயர் இலத்தீனுக்குள் ஒளிந்துகொண்டது. லேயார்ட் தம் மனைவியின் குடும்பப் பெயரான கல்த்ரொப் என்பதையும் இலங்கைக் கிளியொன்றுக்குச் சூட்டினார் என்பதைச் சேர்த்து வாசித்தால், முத்துவுக்குக் கிடைத்த மதிப்பு அக்காலத்துக்குச் சிறியதன்று. நம் பாடப்புத்தகங்களில் இந்தப் பெயரும் கதையும் இடம்பெற வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம்.

முத்து பறவை தேடிய காலத்து வேலி எப்போது போயிற்று? காரணத்தை ஒரே சொல்லில் கூறலாம்: சீமெந்து. இதில் ஒரு முரண் உண்டு. சீமெந்துக்கு வேண்டிய சுண்ணாம்புக் கல் எங்கள் காலடியிலேயே கிடந்தது. மருதனார்மடத்தை ஊடறுத்துச் செல்லும் வீதியின் வடமுனையில் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் உருவாயிற்று. எழுபதுகளில், எண்பதுகளில் வசதியுள்ளோர் முன்பக்கம் மதிலும் மற்ற மூன்று பக்கங்களில் வேலியுமாக வைத்துக்கொண்டனர். வீதியைப் பார்த்த பக்கத்தில் கௌரவம். ஏனைய பக்கங்களில் கதியால். 1990இல் போர் மீண்டும் மூண்டபோது தொழிற்சாலை நின்றது. அதன்பின் வந்த பொருளாதாரத் தடையில் எரிபொருள், உரம், மின்கலம் ஆகியவற்றோடு சீமெந்தும் குடாநாட்டுக்குள் வரக்கூடாத பொருளாயிற்று.

ஆகவே தொண்ணூறுகளில் மதில் எழவில்லை. ஆனால் வேலி செழித்தது என்று சொல்வதும் பொய். மண்ணெண்ணெய் இல்லாத வீட்டில் கதியால் விறகாயிற்று. பதுங்குகுழிகளுக்கு மேல் போட எத்தனையோ பனைகள் விழுந்தன. எறிகணையில் வட்டு இழந்த மொட்டைப் பனைகள் பல இடங்களில் தனித்து நின்றன. அவற்றின் பொந்துகளில் கிளிகளும் மைனாக்களும் குஞ்சு பொரித்தன. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. 1996 ஏப்ரலிலிருந்து திரும்பியவர்கள் கண்டது பற்றை மண்டிய முற்றங்களை. மனிதர் இல்லாத அந்த ஆறு மாதத்தில் வளவுகளை மற்ற உயிர்கள் எடுத்துக்கொண்டிருந்தன. இதை மகிழ்ச்சியான செய்தியாக எழுத எனக்கு மனம் வராது. வீடு பாழடைவதால் வரும் பசுமை எவருக்கும் வேண்டாம்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்பாடு கைச்சாத்தாகி, ஏப்ரலில் ஏ9 வீதி திறந்ததும் சீமெந்து லொறிகள் வந்தன. 2006 ஓகஸ்டில் வீதி மூடியபோது அவையும் நின்றன. 2009இல் போர் முடிந்து வீதி மீண்டும் திறந்தபின் வரத்து தடைப்படவில்லை. இடம்பெயர்ந்து, பிரிந்து, சொத்திழந்த ஒரு சமூகம் தன் எல்லையைக் கல்லால் கட்டி வைக்க விரும்பியதில் வியப்பில்லை. வேலியடைக்க ஆளும் கிடைப்பதில்லை, கிடுகும் விலை, காணிக்காரர் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருக்கிறார். மதிலைக் குறைசொல்வது எளிது. மதில் கட்டியவரின் அச்சம் நியாயமானது என்பதை ஏற்றுக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

அரைப் பரப்பில் என்ன செய்துவிட முடியும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. இங்கிலாந்தின் லெஸ்ரர் நகரின் புறநகர் வீடொன்றில் ஜெனிபர் ஓவன் என்ற விலங்கியலாளர் 1972 முதல் 30 ஆண்டுகள் தம் வீட்டுத் தோட்டத்தில் வந்துபோன உயிரினங்களை எண்ணினார். பூவும் காய்கறியும் புற்றரையும் கொண்ட சாதாரணத் தோட்டம். பூச்சிகொல்லி மட்டும் தெளிக்கவில்லை. அவர் பதிவு செய்த தாவர, விலங்கு இனங்கள் 2,673. அவற்றுள் ஏறத்தாழ 2,000 பூச்சிகள். அறிவியலுக்கே புதியனவான ஒட்டுண்ணிக் குளவிகளும் உண்டு. தோட்டத்தின் பரப்பளவு வீடு உட்பட 741 சதுர மீற்றர். நம் கணக்கில் மூன்று பரப்புக்கும் சற்றுக் குறைவு! குளிர்நாட்டில், பனி உறையும் நிலத்தில், மூன்று பரப்பில் இவ்வளவு என்றால், ஆண்டு முழுவதும் ஏதோவொன்று பூக்கும் மருதனார்மடத்துச் செம்மண்ணில் அரைப் பரப்பைக் குறைவாக மதிப்பிட வேண்டியதில்லை.

மதிலை இடிக்கச் சொல்லவில்லை. மதிலின் உட்புறமாக ஒன்றரை முழம் விட்டு மீண்டும் கதியால் நடலாம். மூன்று பூவரசு, ஒரு முள்முருக்கு, இடையில் ஆடாதோடை, ஒரு செவ்வரத்தை. உயரம் மதிலைத் தாண்டாமல் வெட்டிக்கொண்டால் அயலவரோடு வழக்கும் வராது. குசினிப் பக்கத்தில் ஒரு கறிவேப்பிலை, ஒரு தேசி. இவ்விரண்டின் இலைகளில்தான் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி முட்டையிடுகிறது. அதன் புழு முதலில் பறவை எச்சம் போலவே தோன்றும், வளர்ந்தபின் பச்சையாகிவிடும். அதை மயிர்க்கொட்டி என்று எண்ணி நசுக்குபவர்கள் முற்றத்தில் வண்ணத்துப்பூச்சி இல்லை என்று வருந்துவதில் பொருளில்லை. கறிவேப்பிலையின் கறுத்த பழத்துக்குக் குயிலும் கொண்டைக்குருவியும் வரும். முருங்கை பூத்தால் தேன்சிட்டுக்கு அழைப்பு வேண்டாம். வாழைப்பொத்திக்குப் பகலில் தேன்சிட்டு, இரவில் வௌவால். இவற்றுள் ஒன்றையும் தாவரக் கடையில் வாங்க வேண்டியதில்லை. எல்லாம் அயல்வீட்டில் தடியாகவோ கன்றாகவோ கிடைக்கும். அந்தக் கடைகளில் விற்கும் அலங்காரச் செடிகள் பலவற்றின் இலையை நம் ஊர்ப் புழு தீண்டுவதில்லை. புழு இல்லாத செடியில் குஞ்சுக்கு இரை தேடிக் குருவி வராது.

அதிகாலையில் எழுந்ததும் முற்றத்தைச் சருகின்றிக் கூட்டுவது நம் பண்பாடு, மறுக்கவில்லை. கூட்டியதைக் கொளுத்தாமல் கதியாலின் அடியில் ஒதுக்கினால் போதும். ஐப்பசி, கார்த்திகையில் இமயத்தின் அடிவாரக் காடுகளிலிருந்து இறங்கி வரும் ஆறுமணிக்குருவி அந்தச் சருகைத்தான் கிளறும். பச்சை முதுகும் நீலத் தோளும் சிவந்த அடிவயிறுமாக, காலையும் மாலையும் குறித்த வேளையில் இரண்டு முறை ஊதிவிட்டு மறையும் அப்பறவைக்குத் தேவையானது நிழலும் ஈரச் சருகும் மட்டுமே. கல் பதித்த முற்றத்தில் அதற்கு என்ன இருக்கிறது?

தண்ணீருக்கு ஓர் அகன்ற மண்சட்டி போதும். இரண்டு விரற்கடை ஆழத்துக்கு மேல் வேண்டாம். நடுவில் ஒரு கல்லை வைத்தால் தேனீயும் விழாமல் குடிக்கும். டெங்கு நுளம்பு பெருகும் ஊரில் இது வினையாகாதா என்ற கேள்வி நியாயமானது. நுளம்பின் முட்டை பறக்கும் நுளம்பாவதற்கு ஒரு வாரமளவு வேண்டும். நாள்தோறும் சட்டியை உரசிக் கழுவி நீரை மாற்றுபவருக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. மாற்ற முடியாதவர் சட்டியை வைக்கவே கூடாது.

தோட்டத்தில் தெளிக்கும் நஞ்சைப் பற்றி ஒரு சொல். வலிகாமத்தின் மண்ணுக்குக் கீழே இருப்பது துளைகளும் வெடிப்புகளும் நிறைந்த சுண்ணாம்புக்கல்; ஒருவர் ஊற்றுவது இன்னொருவர் கிணற்றுக்குப் போகும். அயலூரான சுன்னாகத்தில் மின் நிலையத்துக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019 ஏப்ரலில் பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பாயிற்று. செவ்வரத்தையின் வெண்பஞ்சுப் பூச்சிக்கு அடிக்கும் மருந்தை அதனோடு ஒப்பிடுவது மிகையாகத் தோன்றலாம். ஆனால் போகும் வழி ஒன்றே.

கடைசியாக, மேசனிடம் சொல்ல வேண்டிய ஒன்று. பழைய வேலிகளில் 'பொட்டு' என்று ஒன்று இருந்தது. ஓலை கிழிந்து, கதியால் விலகி, நாயும் கோழியும் அயல்வீட்டுப் பிள்ளையும் நுழைந்து வந்த வழி. வீட்டுக்காரர் ஏசிக்கொண்டே அடைப்பார். மறுவாரம் பக்கத்தில் இன்னொன்று திறக்கும். பிரித்தானியாவில் தோட்டங்களை அடைத்த வேலிகளால் முள்ளெலிகள் குறைந்தன என்பதால், 2011இல் ஓர் இயக்கத்தைத் தொடங்கி, வேலியின் அடியில் 13 சென்ரிமீற்றர் சதுரத்தில் ஒரு துளை விடுமாறு வீட்டுக்காரர்களைக் கேட்டு வருகிறார்கள். அது நம்முடைய பொட்டுத்தான். மதிலின் அடி வரிசையில் ஒரு மூலையில் அரைக் கல்லை வைக்காமல் விட்டால் தவளையும் அரணையும் போய்வரும். சற்றுப் பெரிதாக விட்டால் கீரியும் வரும். பாம்பு வருமே என்பார்கள். பாம்பு இப்போதும் படலைக்குக் கீழால் வந்துதான் போகிறது. அதிலும் பெரும்பாலானவை எலி தேடும் சாரை. மழை வெள்ளம் வடியவும் அந்தத் துளை உதவும். மேசனுக்கு அந்தக் காரணத்தைச் சொன்னால் மறுபேச்சின்றி விட்டுத்தருவார்.